தொழிலிடத்திற்குப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

எலி, கரப்பான், ஈ, கொசு, கரையான், தானிய வண்டு முதலியவற்றைத் தொழிலிடங்களிலிருந்து அகற்றுவதற்கும், அவை மீண்டும் வராமல் தடுப்பதற்கும் கட்டணம் பெற்றுச் செய்யப்படும் பணி பூச்சிக்கட்டுப்பாடு எனப்படுகிறது. உணவகம், பேக்கரி, தீவன ஆலை, சேகோ ஆலை, முட்டைக்கோழிப் பண்ணை, மருத்துவமனை, முதியோர் இல்லம், திருமண மண்டபம் என எல்லா இடங்களிலும் இப்பணி தேவைப்படுகிறது. இது பெரும்பாலும் கட்டடப் பராமரிப்புச் செலவாகவே கருதப்படுகிறது. ஆனால் இதில் பயன்படுத்தப்படும் பொருட்களுள் சில, மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடியவை. எனவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது உடல்நலம் சார்ந்த முடிவும் ஆகும்.

சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதிகளில் தொழிலிடமும் குடியிருப்பும் பல இடங்களில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. கீழ்த்தளத்தில் மெஸ், மாடியில் குடும்பம். முன்புறம் மக்காச்சோளக் கிடங்கு, பின்புறம் தொழிலாளர் குடியிருப்பு. மருந்தகத்தை ஒட்டியே மருத்துவரின் ஆலோசனை அறை. பூச்சிக்கட்டுப்பாட்டிற்குப் பணம் கொடுப்பவர் ஒருவர். அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் வேறொருவர். ஆஸ்துமா நோயாளியையோ கர்ப்பிணியையோ கைக்குழந்தையையோ பராமரிப்பவர், தாம் தொழில் உரிமையாளராக இல்லாவிட்டாலும், கீழே கூறப்படும் கேள்விகளைக் கேட்க உரிமை உடையவர்.

முதலில்: மருந்து உண்மையிலேயே தேவையா?

நல்ல நிறுவனத்தை அடையாளம் காண்பதற்கு முன், எந்தத் தொல்லை மருந்தால் தீராது என்பதை அறிந்துகொள்வது நல்லது. நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளின் லாரிப் பட்டறைகளிலும் டயர் ரீட்ரேடிங் கூடங்களிலும் குவிந்திருக்கும் பழைய டயர்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மழைநீர் தேங்கிய டயரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். மீண்டும் நீர் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாட்களுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். புகைமருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்கிறது. டயருக்குள் இருக்கும் புழுவை அது தொடுவதில்லை. டயர்களைக் கூரையின் கீழ் அடுக்குவதும், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிடுவதும் எந்த ஆண்டு ஒப்பந்தத்தையும் விடப் பயன் தரும்.

கோழிப்பண்ணை ஈக்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஒழுகும் நிப்பிள் குழாயால் எச்சம் ஈரமாகும் வரை, தெளிப்பு எத்தனை முறை நடந்தாலும் ஈ திரும்ப வரும். எலியைப் பொறுத்தவரை, 6 மில்லிமீட்டர் இடைவெளி சுண்டெலி நுழையப் போதுமானது. கதவின் அடிப்பக்கம், குழாய் நுழையும் துளை, சாக்கடை மூடி ஆகியவற்றை அடைக்காமல் விஷத்தீனி மட்டும் வைப்பவர், அடுத்த மாதமும் தம்மை அழைக்க வேண்டிய நிலையை உருவாக்கிச் செல்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

எனவே முதல் வருகையிலேயே நிறுவனத்தின் தரம் தெரிந்துவிடும். வந்தவர் டார்ச் விளக்குடன் அடுப்பின் பின்புறம், பொய்க்கூரை, கழிவுநீர்க் குழி, மூட்டை அடுக்கின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்த்து, எச்சமும் கடித்த தடமும் எங்குள்ளன என்று குறித்துக்கொள்கிறாரா? அல்லது தொலைபேசியிலேயே சதுர அடிக்கு இவ்வளவு எனக் கட்டணம் கூறிவிட்டு, முதல் நாளே தெளிப்பானுடன் வருகிறாரா? இரண்டாம் வகையினரைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. அவர்கள் கூறும் கட்டணம் குறைவாகவே இருக்கும். எந்தப் பூச்சி, எவ்வளவு, எங்கே என்று பாராமல் தெளிப்பவருக்கு நேரச் செலவு இல்லை.

உரிமம்

இந்தியாவில் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் ஆகியவற்றின் கீழ் வருகிறது. கட்டணம் பெற்றுப் பூச்சிக்கொல்லி பயன்படுத்துவோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்திற்குரிய தொழில்நுட்பப் பொறுப்பாளர் வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்றவராகவும், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்றில் பயிற்சி முடித்தவராகவும் இருத்தல் வேண்டும். மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அத்தகைய பயிற்சி நிறுவனங்களுள் ஒன்று.

உரிமத்தின் நகலைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள பெயர், முகவரி, செல்லுபடியாகும் நாள் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றும் கடைப் பதிவுச் சான்றும் இந்த உரிமம் ஆகா. ஐயம் எழுந்தால் மாவட்ட வேளாண்மைத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். பூச்சிக்கொல்லி தொடர்பான ஆய்வும் நடவடிக்கையும் வேளாண்மைத் துறையின் பொறுப்பில் இருப்பதைப் பலர் அறிவதில்லை. நகராட்சியில் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர்.

கிடங்குகளில் மாத்திரை வைத்துப் புகையூட்டும் பணிக்கு மேற்கண்ட பொது உரிமம் மட்டும் போதாது. அதற்கு மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகரின் தனி ஒப்புதல் தேவை.

மருந்தின் பெயரை எழுத்தில் பெறுதல்

எந்த மருந்து என்ற கேள்விக்கு ‘இம்போர்ட்டட் மருந்து’, ‘ஹெர்பல்’, ‘வாசனையே வராது’ போன்ற பதில்கள் போதுமானவை அல்ல. மணமற்ற மருந்து என்பது பாதுகாப்பான மருந்து என்று பொருள்படாது. அது எச்சரிக்கை செய்யாத மருந்து என்றே பொருள்படும். மருந்தின் வேதிப்பெயர், பதிவு எண், கலக்கும் அளவு, தெளிக்கும் இடம், மீண்டும் உள்ளே நுழையலாம் என்ற நேரம் ஆகியவை பணிச் சீட்டில் எழுதப்பட வேண்டும். நிறுவனம் அசல் கொள்கலனைக் கொண்டுவந்து, கண்ணெதிரே கலக்க வேண்டும். பெயரில்லாத தண்ணீர்ப் பாட்டிலில் முன்பே கலந்து கொண்டுவரப்பட்ட திரவத்தை ஏற்க வேண்டாம்.

கொள்கலனின் மேலட்டையில் சாய்ந்த சதுரத்தில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்த நிலையையும், நீலம் நடுத்தர நஞ்சையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் வகையில் அமைக்கப்பட்ட குறி இது. மக்கள் புழங்கும் இடத்தில் சிவப்பு அல்லது மஞ்சள் முக்கோணம் கொண்ட கொள்கலன் திறக்கப்பட்டால், பணியை நிறுத்தி விளக்கம் கேட்கலாம். மேலட்டையில் அந்த மருந்து எதற்குப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதும் இருக்கும். நெல்லுக்கும் பருத்திக்கும் என்று எழுதப்பட்ட வயல் மருந்தைச் சமையலறையில் தெளிப்பது தவறு.

இரண்டு பெயர்களைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். ‘நுவான்’ என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்பட்ட டைக்குளோர்வாஸ், 31.12.2020 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. கரப்பானை உடனே விழச் செய்யும் என்பதால் ஒருகாலத்தில் உணவகங்களில் மிகுதியாகப் பயன்பட்டது; இன்றும் அப்பெயரைச் சொல்லி விற்க முன்வருவோரை ஏற்கக் கூடாது. மற்றொன்று மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை. கல்லீரலை அழிக்கும் தன்மையுடைய இப்பசையின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு தடைசெய்துள்ளது.

வேலை முடிந்தபின் மிச்சமான மருந்து, காலி டப்பா, எஞ்சிய தீனி அனைத்தையும் நிறுவனமே எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது அவசியம். ‘அவசரத்திற்கு இருக்கட்டும்’ என்று விட்டுச்செல்லும் ஒரு டப்பா, மனச்சோர்வில் இருக்கும் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக்கூடும். மனநலச் சிகிச்சையில் உள்ளவரைப் பராமரிப்போர் இதில் சிறிதும் தளர்வு காட்ட வேண்டாம்.

கிடங்குப் புகையூட்டம்: மிகுந்த கவனம் தேவைப்படும் பணி

நாமக்கல் பகுதித் தீவன ஆலைகள் மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் தவிட்டையும் பெருமளவில் சேமிக்கின்றன. வண்டு விழாமல் காக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் பயன்படுத்தப்படுகின்றன. மாத்திரை காற்றிலுள்ள ஈரத்துடன் சேர்ந்து பாஸ்பீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரையிலிருந்து ஏறத்தாழ 1 கிராம் வாயு வரும். இவ்வாயு நிறமற்றது, காற்றைவிடச் சற்றுக் கனமானது, மூட்டைகளின் உள்ளே ஊடுருவுவது போலவே செங்கல் இடுக்கு, மின்கம்பிக் குழாய், கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் செல்லக்கூடியது. பூண்டு அல்லது அழுகிய மீனின் நெடி வரலாம், வராமலும் இருக்கலாம். நெடியை நம்பி அளவிட இயலாது. 8 மணி நேர வேலைக்குப் பாதுகாப்பு வரம்பாகப் பல நாடுகளில் கொள்ளப்படுவது காற்றில் 10 லட்சத்தில் 0.3 பங்கு மட்டுமே. பாஸ்பீனுக்கு மாற்று மருந்து இல்லை.

இத்தகைய பணியின் ஆபத்து கிடங்குகளோடு நின்றுவிடுவதில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையை அடுத்த குன்றத்தூரில், நிறுவனப் பணியாளர்கள் எலி ஒழிப்பு மருந்து வைத்துச் சென்ற வீடொன்றில், அன்றிரவு குளிர்சாதன அறையில் உறங்கிய குடும்பத்தினர் வாந்தியுடனும் மூச்சுத் திணறலுடனும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2 குழந்தைகள் உயிரிழந்தனர். காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. சாதாரண குளிர்சாதனப் பெட்டி அறையின் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது; வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. மூடிய அறையில் நச்சு வாயு இருந்தால் அது உறங்குவோருடனேயே தங்கும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பொதுமக்களுக்கு விற்பது அனுமதிக்கப்படவில்லை. அரசு அமைப்புகளும் உரிய ஒப்புதல் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே, வல்லுநர் மேற்பார்வையில் பயன்படுத்தலாம். வீட்டிலோ கடையிலோ மக்கள் உறங்கும் கட்டடத்திலோ எலி வளைக்குள் இம்மாத்திரையை இடுவதாக எந்த நிறுவனம் கூறினாலும் அதனை மறுத்துவிட வேண்டும்.

தீவன ஆலை அல்லது கிடங்கு உரிமையாளர் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாயுவை அளக்கும் கருவி உள்ளதா என்பது. ‘மூக்கே கருவி’ என்பவரை அனுப்பிவிடலாம். கிழிசலற்ற தார்ப்பாய், மணல் பைகள், எச்சரிக்கைப் பலகை, வடிகட்டியுடன் கூடிய முகக்கவசம் ஆகியவை அவர்களிடம் இருக்க வேண்டும். மூடிவைக்கும் நாட்கள் முழுவதும் கிடங்கைக் காவல் காப்பவர் யார், திறந்தபின் எவ்வளவு நேரம் காற்றாட விடப்படும், பொடியான மாத்திரைச் சாம்பலை யார் அகற்றுவார் என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். கிடங்குச் சுவரை ஒட்டிய அறைகளில் வசிப்போர், குறிப்பாக வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள், அந்நாட்களில் வேறிடத்தில் தங்கவைக்கப்பட வேண்டும். அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும்; தமிழில் ஒட்டிய ஓர் அறிவிப்பு போதாது. மாத்திரை வைத்த சரக்கை ஏற்றிய லாரியில் ஓட்டுநர் உறங்குவதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

முட்டைக்கோழிப் பண்ணைகள்

பண்ணையில் தெளிக்கப்படுவது முட்டைக்குள்ளும் செல்லக்கூடும். 2017-ஆம் ஆண்டில் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் கோழிப்பேன் ஒழிப்புக்காக அமர்த்தப்பட்ட நிறுவனம் பயன்படுத்திய கலவையில் ஃபிப்ரோனில் என்ற மருந்து கலந்திருந்தது. உணவுக்காக வளர்க்கப்படும் கோழிகளிடத்தில் அதற்கு அனுமதி இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கோடிக்கணக்கான முட்டைகள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன; பல பண்ணைகள் மூடப்பட்டன. அக்கலவை தாவர எண்ணெயால் ஆனது என்று கூறி விற்கப்பட்டது. நாமக்கல் பண்ணையாளருக்கு இதிலுள்ள செய்தி வெளிப்படையானது: ‘மூலிகைத் தெளிப்பு’ என்ற சொல்லைக் கேட்டு நிறைவடையாமல், மேலட்டையைப் படித்து, முட்டையிடும் கோழிக் கூடங்களில் அனுமதிக்கப்பட்டதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும். தெளிப்பதற்கு முன் முட்டைகளைச் சேகரித்து, தீவனத் தொட்டியை மூட வேண்டும்.

உணவகம், பேக்கரி, மெஸ் ஆகியவற்றிற்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு உரிம ஒழுங்குமுறைகளின் 4-ஆம் அட்டவணை பொருந்தும். பூச்சி இல்லாத சூழலைப் பேணுவதை அது கட்டாயமாக்குகிறது. பணிச் சீட்டுகளைக் கோப்பில் வைத்திருந்தால் ஆய்வின்போது பயன்படும்.

நோயாளிகள் இருக்கும் இடங்கள்

மருத்துவமனை, டயாலிசிஸ் மையம், முதியோர் இல்லம் ஆகியவற்றில் தெளிப்பு என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். கரப்பானுக்கு ஜெல் தீனி, எலிக்குக் கூண்டு அல்லது ஒட்டுப்பலகை, ஜன்னலுக்கு வலை ஆகியவை காற்றில் எதையும் கலக்காமல் பயன் தருகின்றன. எலிக்கு விஷத்தீனி வைத்தே ஆகவேண்டுமெனில், பூட்டக்கூடிய பெட்டிக்குள், எண்ணிடப்பட்டு, வரைபடத்தில் குறிக்கப்பட்டு, கட்டடத்தின் வெளிப்புறத்தில் வைக்கப்பட வேண்டும். நினைவிழப்பு நோய் உள்ள முதியவர் கேக் போன்ற தீனியை உணவென்று எடுக்கக்கூடும்.

பைரித்ராய்டு வகைத் தெளிப்புகள் ஒப்பீட்டளவில் நஞ்சு குறைந்தவை எனினும், ஆஸ்துமா உள்ளவர்க்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம். தெளிக்கும் நாளை 2 நாட்களுக்கு முன்பே தெரிவிக்குமாறு உரிமையாளரிடம் கேட்டு, அன்று நோயாளியை வேறிடத்தில் வைத்திருப்பது நல்லது. ஆக்சிஜன் செறிவூட்டி அறைக் காற்றையே இழுத்துச் செறிவூட்டுகிறது. எனவே தெளித்த அறையில் அதனை இயக்க வேண்டாம். இன்ஹேலர், உணவு, குடிநீர், படுக்கை விரிப்பு ஆகியவற்றை முன்னரே வெளியேற்ற வேண்டும். ‘ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்’ என்ற பொதுவான பதிலை ஏற்காமல், மேலட்டையில் உள்ள நேரத்தையே பின்பற்ற வேண்டும்.

பாதிப்பு ஏற்பட்டால்

மருந்து வைத்த இடத்தில் ஒரே நேரத்தில் பலருக்கு வாந்தி, தலைவலி, மார்பு இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஏற்பட்டால் அதை உணவு நச்சு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். பாஸ்பீன் பாதிப்பு தொடக்கத்தில் அவ்வாறே தோன்றும். உடனே அனைவரும் திறந்த வெளிக்கு வர வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். உள்ளே விழுந்தவரை மீட்கக் கவசமின்றி ஒருவர் பின் ஒருவராக நுழையக் கூடாது. 108-ஐ அழைக்கும்போதே வாயுவாக இருக்கலாம் என்று தெரிவித்துத் தீயணைப்புத் துறையையும் வரவழைக்க வேண்டும்.

வியர்வை, எச்சில் ஒழுகுதல், கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை பாஸ்பரஸ் சேர்ந்த கரிமப் பூச்சிக்கொல்லிகளின் அறிகுறிகள். அவற்றிற்கு மருத்துவமனையில் மாற்று மருந்து உண்டு, தாமதம் ஆபத்து. தோலில் பட்டிருந்தால் உடையைக் களைந்து, சோப்பு நீரால் நன்கு கழுவ வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்வதோ, உப்புநீர், பால், எண்ணெய் புகட்டுவதோ கூடாது.

எலி மருந்தை விழுங்கியவர் முதல் நாள் நலமாகத் தோன்றுவது ஏமாற்றமளிக்கும் அறிகுறி. மஞ்சள் பாஸ்பரஸ் உண்டவர்க்கு ஓரிரு நாட்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருந்து, அதன்பின் மஞ்சள் காமாலையும் கல்லீரல் செயலிழப்பும் தோன்றலாம். தீனிக் கேக்கில் உள்ள புரோமடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுப்பதால், ஈறு, மூக்கு, சிறுநீர் வழி இரத்தக்கசிவு சில நாட்கள் கழித்தே தெரியும். எனவே ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று வீட்டிலேயே வைத்திருக்காமல், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் கூறும் நாட்கள் வரை இரத்தப் பரிசோதனைகளைத் தொடர வேண்டும்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது பணிச் சீட்டையோ, மேலட்டையின் கைப்பேசிப் படத்தையோ எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று தெரியாத நிலையில் மருத்துவர் அறிகுறிகளை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். பெயர் தெரிந்தால் சிகிச்சை உடனே தொடங்கும். பணிச் சீட்டின் ஒரு நகலைக் கல்லாப்பெட்டியில் பூட்டி வைக்காமல், இரவில் அவ்விடத்தில் தங்குபவரின் கைக்கு எட்டும்படி சுவரில் மாட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. பொதுவான உடல்நல ஆலோசனைக்கும் மனநல ஆலோசனைக்கும் 104 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.